ஜூன் மாதத்துப் பனிக்கட்டி

மே 4

அன்பும் அறிவும் அளவுக்கு மீறிய வாயும் கொண்ட என் மருமகளுக்கு,

காற்றுக்கு வைத்தியரும், நான்கு தெருக்களின் மின்விசிறிகளுக்குக் குலகுருவும், வடகடலைக் கண்டு உயிரோடு திரும்பிய ஒரே தாய்மாமனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். நலமில்லாதது தையல்காரரின் மேசை விசிறி மட்டும்தான். மோட்டார் காயில் கருகி, வயிறு திறந்து என் முன்னால் படுத்திருக்கிறது. அதன் முதுகில் காகிதத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே வானிலை எப்படி என்று கேட்டிருந்தாய். நேற்று மாதிரி. நேற்று எப்படி என்றால், முந்தாநாள் மாதிரி. காலை ஆறு மணிக்குச் சூரியன் வேலைக்கு வருகிறது, மாலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது. எனக்கு விவரம் தெரிந்த நாளாக ஒரு நாள் தாமதமில்லை, ஒரு நாள் லீவு இல்லை. மூன்றரைக்கு மழை. நாலரைக்குப் புழுக்கம். நம் ஊருக்குக் காலண்டரில் பன்னிரண்டு தாள் அச்சடிப்பது காகிதத்துக்குக் கேடு. எல்லா மாதமும் ஒரே மாதம். அதனால்தான் என் கடை ஓடுகிறது. விசிறிக்கே ஓய்வில்லாத ஊரில் மெக்கானிக்குக்கு ஏது ஓய்வு?

இத்துடன் பேரிங் டப்பாவில் நீ கேட்ட அவரை விதை. உன் அம்மா கொல்லைக் கொடியில் முற்ற விட்டுக் காயவைத்தது. என் அக்காவும் நானும் உட்கார்ந்து மூன்று முறை எண்ணினோம். மூன்று முறையும் வேறு வேறு கணக்கு வந்தது. சராசரி போட்டு நூற்றியிருபது என்று முடிவு செய்தோம்.

நீ செடி வளர்க்கும் அந்தக் கண்ணாடி வீட்டின் மேற்பார்வையாளர் அம்மாளைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். அந்த வடக்கில் இந்த அவரையை முதலில் போட்டவன் நான். கப்பலின் மேல்தளத்தில், பிஸ்கட் டின்னில். மூன்றாம் நாள் புகைபோக்கியைப் பிடித்தது. ஐந்தாம் நாள் கேப்டனின் தொப்பியைப் பிடித்தது. காய்த்த காயின் கனத்தில் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட, "அந்தப் பக்கத்துக் காயை மட்டும் முதல்ல பறிங்கப்பா" என்று கேப்டன் கையெடுத்துக் கும்பிட்டார். உனக்கு ஏழு வயதிலிருந்து சொல்லி வருகிறேன். நீதான் ஒவ்வொரு முறையும் "தொப்பி என்ன கலர் மாமா?" என்று கேட்பாய்.

வடகடல் வென்ற
உன் மாமா


மே 24

மாமாவுக்கு,

டப்பா வந்தது. நூற்றுப் பதினேழு விதை. உங்கள் சராசரியில் மூன்று குறைகிறது. அன்றைக்கே விதைத்துவிட்டேன். எல்லாம் முளைத்துவிட்டன.

இங்கே நான் எல்லாவற்றையும் எண்ணுகிறேன். தனியாக இருந்தால் இந்தப் பழக்கம் வந்துவிடும்போல. விடுதியிலிருந்து வேலைக்குப் போகும் வழி முழுக்கக் காடு. நாற்பது நிமிட நடை. நானும் பார்த்துக்கொண்டே போகிறேன், மூன்றே வகை மரம்தான். நம் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் இடத்திலேயே பதினாறு வகை இருக்கும். இங்கே மூன்றே வகை, ஆனால் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில். ஒரே முகமுள்ள கூட்டத்துக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது. பூமியின் நடுக்கோட்டை விட்டுத் தள்ளிப்போகப் போக வகைகள் குறையும் என்று மேற்பார்வையாளர் அம்மாள் சொன்னார். "உங்க ஊர்ல எல்லாருக்கும் வருஷம் முழுக்கச் சாப்பாடு. இங்க குளிரைத் தாங்கினவங்க மட்டும்தான் மிச்சம்." மரத்தைத்தான் சொன்னார். எனக்கு என்னைச் சொன்ன மாதிரி இருந்தது.

ஏப்ரலில் வாரத்துக்கு முக்கால் மணி நேரம் பகல் நீண்டுகொண்டே வந்தது. இப்போது பத்தரை மணிக்குக்கூட வெளியில் நின்று கடிதம் படிக்கலாம். ஜன்னலுக்குப் போர்வை கட்டித்தான் தூங்குகிறேன்.

ஒரு முக்கியமான விஷயம். வேலைக்கான நேர்முகத்தில் "இந்தச் செடி இங்கே காய்க்குமா?" என்று கேட்டார்கள். "என் மாமா இங்கே காய்க்க வைத்திருக்கிறார்" என்றேன். என் வாய் உங்களுக்குத் தெரியுமே, எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் அதை அப்படியே படிவத்தில் எழுதிக்கொண்டார்கள். கண்ணாடி வீட்டில் என் அறை வாசலில் ஓர் அட்டை தொங்குகிறது: "அவரை. முன் அனுபவம் உண்டு." செப்டம்பர் கடைசியில் ஆய்வுக்குழு வரும். காய் இருந்தால் எனக்கு மூன்று வருட வேலை. இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

நீங்கள் எந்த மாதம் விதைத்தீர்கள்? எத்தனை நாளில் பூ வந்தது? சரியாக எழுதுங்கள். சரியாக என்றால், தொப்பி இல்லாமல்.

உங்கள்
வாயாடி


ஜூன் 8

வாயாடி மருமகளுக்கு,

மாமனின் புகழ் அட்டையில் ஏறி வாசலில் தொங்குவதாக அறிந்தேன். கடைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வராதவர்களிடம் போய்ச் சொன்னேன். அட்டை எத்தனை அடி என்று தையல்காரர் கேட்டார். எட்டடி என்றேன்.

விவரம் கேட்டாய். ஏப்ரல் கடைசியில் விதைத்தேன். நாற்பதாம் நாள் பூ. அறுபதாம் நாள் கேப்டனின் கும்பிடு. பனிக்கட்டியை உளியால் கொத்திக் கொத்தித்தான் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. அந்த ஜூனில்தானே கப்பல் மூன்று வாரம் பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டது? ஒரே கும்மிருட்டு. மத்தியானச் சாப்பாட்டையே விளக்கேற்றி வைத்துத்தான் சாப்பிட்டோம். அவரை பூத்ததும் அந்த விளக்கு வெளிச்சத்தில்தான். உனக்குத்தான் தெரியுமே, அந்தச் சமயத்தில்தான் இங்கே உன் அப்பா... அதை விடு.

தண்ணீரைக் குறைத்து ஊற்று. செடியை அதட்டி வை. அன்பாக இருந்தால் இலை விடும், அதட்டினால்தான் காய் விடும்.

உன் மாமா


ஜூன் 30

மாமாவுக்கு,

கொடி கூரைக் கண்ணாடியை முட்டிவிட்டது. இலை ஒவ்வொன்றும் என் முகத்தளவு இருக்கிறது. மண் கலக்கும் பெரியவர் உள்ளே வந்தால் கொடியை விலக்கித்தான் என்னைத் தேடுகிறார். "இலையை யாராவது தின்பாங்களா?" என்று கேட்டார். மொட்டு ஒன்றுகூட இல்லை. காலையில் வருகிறவர்கள் என்னைப் பார்ப்பதற்கு முன் அட்டையைப் பார்க்கிறார்கள். வரவர நான் பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போகிறேன்.

பதினான்காம் தேதி அப்பாவின் நினைவு நாள். வேலை முடிந்து துறைமுகத்துக்குப் போனேன். உங்கள் கப்பல் மாட்டிக்கொண்ட கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. அப்பா போனபோது நீங்கள் இருந்த இடம் அல்லவா. சின்ன வயதில் நான் அப்பாவை நினைக்கும்போதெல்லாம் கூடவே அந்தக் கப்பலும் வரும். அங்கே வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள், இங்கே நீங்கள் இருட்டில், பனிக்கட்டிக்கு நடுவில், வர முடியாமல் அழுகிறீர்கள். எனக்கு உங்களை நினைத்துத்தான் அதிகம் அழுகை வரும்.

மாமா, ஜூனில் இங்கே இருட்டே இல்லை. சூரியன் இறங்குகிறது, கடலைத் தொடுகிறது, ஏதோ மறந்துவிட்ட மாதிரி திரும்பி வருகிறது. பனிக்கட்டியும் இல்லை. பிள்ளைகள் பாலத்திலிருந்து தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். கயிறு சுற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். நாற்பது வருடமாக அந்தத் துறைமுகத்தில் இருப்பவர். "ஜூன்ல பனிக்கட்டியா? ஏப்ரல்லயே போயிடுமேம்மா" என்றார். அவர் சிரிக்கவில்லை. யாரையோ காப்பாற்றுகிற குரலில் சொன்னார். யாரை என்று தெரியாமலே.

கப்பல் இன்னும் வடக்கே போயிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அங்கே பனிக்கட்டி இருக்கலாம். ஆனால் இருட்டு? வடக்கே போகப் போக ஜூனில் வெளிச்சம்தான் கூடும்.

பூவைப் பற்றி இனிமேல் கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறேன். அந்த ஜூனில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?


ஜூலை 14

மருமகளுக்கு,

படித்த பிள்ளைகளுக்கு ஊர்ப்பட்ட சந்தேகம் வரும் என்று அந்தக் காலத்திலேயே சொன்னார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முந்திய பனிக்கட்டியை இப்போது போய்த் தேடினால் இருக்குமா? கரைந்திருக்கும். கயிறு சுற்றுகிறவர் சொல்லை நம்புகிறாய், தூக்கி வளர்த்தவன் சொல்லை நம்பவில்லை. சந்தோஷம்.

கடையில் வேலை குவிந்து கிடக்கிறது. பதினெட்டு விசிறி. இல்லை, ஐந்து. இனி கொஞ்ச நாளைக்குக் கடிதம் எழுத முடியாது.

மாமா


ஜூலை 28

மாமாவுக்கு,

கேட்டதற்குப் பதில் வரவில்லை. வந்த மாதிரியும் இருக்கிறது.

போன வாரம் மேற்பார்வையாளர் அம்மாளின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "முன் அனுபவம் எதுவும் இல்லை. என் மாமா இங்கே வந்ததே இல்லை என்று நினைக்கிறேன்." சொல்லும்போது காது வரை சூடு ஏறியது. பொய் உங்களுடையது, படிவம் என்னுடையது. வெட்கம் மட்டும் இருவருக்கும் சரிபாதி போகவில்லை. எனக்கே முழுதாக வந்த மாதிரி இருந்தது.

அவர் திட்டவில்லை. அட்டையைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தார். "சரி, மாமாவை விடு. செடி என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார். இரண்டு நாள் புத்தகம் புரட்டினோம். உங்கள் அவரைக்கு இந்தக் கோடைக் குளிரும் பிரச்சினை இல்லை, மண்ணும் பிரச்சினை இல்லை. அதற்கு வேண்டியது இருட்டு. பன்னிரண்டு மணி நேரம் இருட்டாக இருந்தால்தான் அது பூக்கும். நம் ஊரில் தினமும் இனாமாகக் கிடைத்தது. இங்கே கோடையில் அது கிடைக்காமல், இலை மட்டும் விட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறது. தானாக இருட்டு வரும்போது குளிரும் கூடவே வந்து கொன்றுவிடும்.

இப்போது தினமும் மாலை ஐந்தரைக்குக் கறுப்புத் துணியை இழுத்து மொத்தக் கொடியையும் மூடுகிறேன். காலை ஆறரைக்கு விலக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். ஒரு நாள் விட்டால் கெட்டுவிடும். வெளியே வெயில் அடிக்கும்போது உள்ளே நம் ஊர் ராத்திரியைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நானும் பொய்தான் சொல்கிறேன், மாமா. ஆனால் யாருக்காகச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும்.


ஆகஸ்ட் 12

மருமகளே,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். நான்கிலும் கப்பல் வந்துவிட்டது. இதில் கப்பல் இரண்டே நாள்தான் வரும்.

கப்பலில் சமையல் உதவியாளாக ஏறியது உண்மை. தெருவே திரண்டு வந்து என்னை வழியனுப்பியதும் உண்மை. உன் அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டு, "கடல் தண்ணி பட்டா நின்னுடும், பாத்து மாப்ள" என்றார். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஏறினேன். இரண்டு நாளும் வாந்தி. தண்ணீர்கூட நிற்கவில்லை. அடுத்த துறைமுகத்தில் என்னையும் என் பெட்டியையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம்.

திரும்பி வர வெட்கம். ஒரு வாரம் கழித்துப் போகலாம் என்று நினைத்தேன். ஐஸ் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து, மீன் பெட்டிக்கு உடைத்துப் போட வேண்டும். ஜன்னல் இல்லாத கொட்டகை. மத்தியானமும் விளக்கைப் போட்டுத்தான் சாப்பிடுவோம். நான் கண்ட பனிக்கட்டியும் இருட்டும் அதுதான். வடக்கே போகும் கப்பல்காரர்களிடம் கடிதம் கொடுத்து அங்கேயிருந்து தபாலில் போடச் சொல்வேன். நீ தபால்தலையைக் கிழித்து வைத்துக்கொள்வாய் என்று அக்கா எழுதுவாள். கப்பலுக்கு அனுப்பிவைப்பார்கள் என்று நம்பி அவள் போடும் பதில்களெல்லாம் துறைமுகத்துக் கப்பல் ஏஜெண்டு ஆபீஸுக்கு வரும். சனிக்கிழமை போய் வாங்கிக்கொள்வேன்.

அந்தச் சனிக்கிழமை கடிதத்துக்குப் பதில் தந்தி வந்திருந்தது. உன் அப்பா காலையில் போய்விட்டார் என்று. மணி அப்போது பத்து.

பஸ் நிலையத்துக்குப் போனேன். இதை நம்பு. போனேன். பதினொரு மணி பஸ்ஸில் ஏறினால் ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கலாம். என் கையில் அவர் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏறினால் எங்கிருந்து வந்தாய் என்று கேட்பார்கள். வடக்கே பனியில் இருப்பவன் சாயங்காலத்துக்குள் எப்படி வந்தான் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணி பஸ் போனது. ஒரு மணி பஸ் போனது. மூன்று மணி பஸ்ஸின் கண்டக்டர் என் பக்கத்தில் வந்து, "வர்றீங்களா இல்லையா?" என்று கேட்டான். நான் யாருக்கோ காத்திருப்பதாகச் சொன்னேன்.

நான்கு மாதம் கழித்து வந்தேன். வாசலில் ஓடி வந்து நீதான் முதலில் கேட்டாய், "ஏன் மாமா நீ வரல?" என்று. பனிக்கட்டி என்ற சொல் வாயில் இருந்தது, வந்துவிட்டது. நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ சிரித்தாய். அப்பா போன பிறகு நீ சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அக்கா சொன்னாள். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. தொப்பி, புகைபோக்கி எல்லாம் அப்படிச் சேர்ந்ததுதான்.

வடக்கும் நம் ஊர் மாதிரிதான், ஜனவரியில் எப்படியோ ஜூனிலும் அப்படியே இருட்டும் குளிருமாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். மாதம் மாறினால் ஊரே மாறும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மாமா


ஆகஸ்ட் 27

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அப்புறம் இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற உங்கள் மேல் கோபம் வருகிறது. கண்டக்டர் கேட்கும் இடத்தில் கோபம் நழுவிவிடுகிறது. பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

என்னிடம் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அன்றைக்குக் காத்திருந்தது நான் மட்டும் இல்லை. எனக்கு ஏழு வயது, நடுவில் தூங்கிவிட்டேன். அம்மா தூங்கவில்லை. அவளிடம் நான் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடிதத்தில் வேண்டாம், ஒரே தெருவில் இருக்கிறீர்கள். நேரில் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை துணியை விலக்கியபோது மூன்று இடத்தில் ஊதா நிறமாகத் தெரிந்தது. பூச்சி என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன். மொட்டு.


செப்டம்பர் 29

மாமாவுக்கு,

ஆய்வுக்குழு வந்து போனது. ஒன்பது காய். ஒன்பதையும் அவர்கள் முன்னாலேயே எண்ணினேன், சராசரி எதுவும் போடவில்லை. புது அட்டை மாட்டியிருக்கிறோம்: "அவரை. முன் அனுபவம் இல்லை." மூன்று வருடம் கேட்டேன், ஒரு வருடம் கொடுத்தார்கள். படிவத்தில் பொய் எழுத வைத்ததற்காக இரண்டைக் குறைத்தார்களா என்று கேட்கத் துணிவில்லை. கேட்காமலே தெரிந்த மாதிரி இருந்தது.

வெளியே மூன்று வகை மரத்தில் ஒரு வகை முழுக்க மஞ்சளாகிவிட்டது. ஒரே வாரத்தில். நீங்கள் பார்த்தால் நம்ப மாட்டீர்கள், வீட்டுக்குப் போய்ப் பத்து மடங்காகச் சொல்வீர்கள்.

அம்மாவிடமிருந்து இந்த மாதம் கடிதம் வரவில்லை. சொல்லிவிட்டீர்களா?


அக்டோபர் 13

மருமகளுக்கு,

சொல்லிவிட்டேன்.

கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பாதி சொல்லும்போதே கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிய ஆரம்பித்தாள். நான் முடிக்கும் வரை பிழிந்துகொண்டே இருந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஆறு மணி நேரமா?" ஆமாம் என்றேன். உள்ளே போய்விட்டாள். பத்தொன்பது நாள் பேசவில்லை. நானாக வருடத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அவள் அப்படியெல்லாம் கணக்கு வைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

இருபதாம் நாள் விடியற்காலை என் கடைக் கதவைத் தட்டினாள். செருப்பு போட்டிருந்தாள். கையில் பை. "கிளம்பு. அந்த ஊருக்குப் போகணும்" என்றாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம். நான் நடைபாதைப் பக்கம். ஆறு மணி நேரமும் ஒவ்வொரு ஊராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு ஆறு, இரண்டு மர ஆலை, ஒரு ரயில்வே கேட். அவ்வளவுதான் வழி. நான் இத்தனை வருடமாக அந்த வழியில் எத்தனை கடலைப் போட்டிருந்தேன்.

ஐஸ் ஃபேக்டரி இன்னும் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தாள். ஒரு பையன் கொக்கி போட்டு ஐஸ் பாரை இழுத்துப் போனான், தண்ணீர் எங்கள் கால் வரை வந்தது. அவள் காலை நகர்த்தவில்லை. அப்புறம் பஸ் நிலையத்துக்கு வந்து, "எந்தப் பெஞ்சு?" என்று கேட்டாள். காட்டினேன். பெஞ்சை மாற்றிவிட்டார்கள், சிமெண்டில் கட்டியிருக்கிறார்கள், ஆனால் அதே தூண். உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். இரண்டு பஸ் போகும் வரை உட்கார்ந்திருந்தோம்.

"அன்னிக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும் வாசலைப் பாத்தேன்டா" என்றாள். "நீ வரமாட்டேன்னு தெரியும். அத்தனை தூரம். தெரிஞ்சும் பாத்தேன்."

என்னிடம் எப்போதும் ஏதாவது ஒரு கதை இருக்கும். அன்றைக்கு இல்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் மறுபடி வாயைத் திறந்தாள். "இனிமே வருஷா வருஷம் ஜூன் பதிமூணு அந்த ஊருக்குப் போயிடு. பதினாலு காலையில அந்தப் பதினோரு மணி பஸ்ல ஏறு. அஞ்சு மணிக்கு நான் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்." நான் சரி என்றேன். "ஒரு நிமிஷம் லேட்டானாலும் பனிக்கட்டின்னு சொல்லாத" என்றாள். சிரித்துவிடலாமா என்று ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

உன் அப்பாவின் கடிகாரத்தை அன்றிரவே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள். திருப்பி என் கையிலேயே கட்டிவிட்டாள். "நேரம் பாத்து ஏறணுமில்ல" என்றாள்.

உன் ஒன்பது காயைப் பற்றித் தையல்காரரிடம் சொன்னேன். எவ்வளவு நீளம் என்று கேட்டார். தெரியாது, எழுதிக் கேட்கிறேன் என்றேன். கேட்டவர் என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார். எழுது, சரியாக.

இங்கே காலை ஆறு மணிக்கு வெயில், மூன்றரைக்கு மழை, எதுவும் மாறவில்லை. எல்லா மாதமும் ஒரே மாதம் என்று மே மாதம் உனக்கு எழுதியிருந்தேன். அதையும் பொய்க் கணக்கில் சேர்த்துக்கொள். ஜூனுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

மாமா